பதினேழு கட்டங்கள்

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், முட்டியைத் தவிர. உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் மீட்டிங் என்று ஓடிவிடுகிறாய். கடிதம் என்றால் பாதியில் எழுந்து ஓட முடியாது. அதனால் இனிமேல் உனக்கு மின்னஞ்சலில் முறையாகக் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். முழுவதும் படி.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் என் படுக்கையறைச் சுவரில் இறங்குகிறது. மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஈரமெல்லாம் இல்லைம்மா, பெயின்ட்டே அப்படித்தான் இருக்கும்" என்கிறார். கையை வைத்துப் பாருங்கள் என்றேன். வைத்தார், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், மறுபடியும் இல்லை என்றார். இப்படிப்பட்டவர்களுக்குக் கீழேதான் குடித்தனம் நடத்துகிறேன்.

வேலைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் சங்கீதப் பாடத்தை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, நீ பிடித்துக்கொடுத்த நூலக வேலையில் சேர்ந்துவிட்டேன். வாரத்தில் ஒரு நாள், திங்கள் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. "இசை அறியாதவர்களுக்கு இசை" என்று பெரிதாக அச்சடித்துக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். இசை அறியாதவர்களுக்கு அதை அறிய வேண்டிய அவசியம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பத்துக் கணினிகள், அதில் இரண்டு ஓடாது. எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

உங்கள் கம்பெனியின் இணையதளத்தைத்தான் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். திரை முழுக்கக் கோடுகள். மேல் கோட்டுக்குப் போனால் சுரம் ஏறும், கீழே வந்தால் இறங்கும். கோட்டின்மேல் ஒரு கட்டத்தை வைத்தால் அது ஒலிக்கும், இழுத்து நீட்டினால் நீளமாக ஒலிக்கும். தொண்டை வேண்டாம், விரல் வேண்டாம், பத்து வருடம் உட்கார்ந்து சாதகம் பண்ண வேண்டாம். மவுஸைப் பிடித்து இழுக்கத் தெரிந்தால் இசையமைப்பாளர். முப்பது வருடம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதை நீங்கள் கலர் கலராகக் கட்டம் போட்டு முடித்துவிட்டீர்கள். வயிறு எரிகிறதடா. எல்லாவற்றுக்கும் மேலே அந்த 'சரிசெய்' பொத்தான். எந்தக் குப்பையைப் போட்டாலும் அதை அமுக்கினால் ஒவ்வொரு கட்டமும் பக்கத்தில் இருக்கும் சரியான கோட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது உன் கைவேலை என்று சொன்னாய். காது இல்லாதவன் செய்த வேலை என்று பார்த்தாலே தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதே.

மாணவர்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். பேசமாட்டார், ஆனால் கணினியைப் பிரித்து மேய்ந்துவிடுகிறார். நான் சொல்லிக்கொடுக்காத பொத்தானையெல்லாம் அவர்தான் மற்றவர்களுக்குக் காட்டுகிறார். இன்னொருத்தி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் விட்டு மறுபக்கம் எடுத்து மடிக்கிற வேலை. ஐம்பதை நெருங்கும் வயது. முழங்கை வரை சூட்டுத் தழும்பு. வகுப்பில் எல்லோரும் லாண்டரி அம்மா என்கிறார்கள். முதல் நாள் மவுஸை மேசையில் அழுத்தித் தேய்த்தாள் பார், இஸ்திரி போடுகிறாளோ என்று நினைத்தேன்.

அவளுக்குச் சுரமே பிடிபடவில்லை. இரண்டு சுரத்தை வாசித்து எது உயரம் என்று கேட்டேன். "ரெண்டாவதுதான் டீச்சர், அதுதான் சத்தமா இருந்துச்சு" என்றாள். நான் விடவில்லை. ஐந்து தடவை கேட்டேன், ஐந்து தடவையும் தப்பு. உங்க காதுக்குள்ள நீராவி புகுந்துடுச்சா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இப்படிப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கிற மாதிரி சொன்னால்தான் ஏறும். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், என்னிடம் படித்தவர்கள் யாரும் சோடை போகவில்லை.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது அவள் என்னிடம் வந்து, "வீட்டுக்காரர் ஒண்ணு முனகுவாரு டீச்சர், அதை இதுல போட முடியுமா" என்று கேட்டாள். முனகல், இருமல், தும்மல் எதுவானாலும் போடலாம் என்றேன்.

குழந்தைக்குத் தலை நின்றுவிட்டதா? போட்டோ அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அக்கா


வியாழக்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

என் பெரிய கடிதத்துக்கு நீ எழுதிய நான்கு வரிப் பதில் கிடைத்தது. அதில் ஒரு வரி தேதி. பரவாயில்லை. பத்து வாரம் ஓடிவிட்டது, நானும் எழுதவில்லை. மேல்வீட்டுக்காரர் ஒருவழியாகக் குழாயை மாற்றிவிட்டார். ஈரம் இல்லவே இல்லை என்று சாதித்த மனிதர், இப்போது "பாத்தீங்களா, சரி பண்ணிட்டேன்" என்று என்னிடமே வந்து பெருமை பேசுகிறார்.

நாளை மறுநாள் சனிக்கிழமை, நூலகத்தின் கீழ்த்தள அரங்கில் என் மாணவர்களின் நிகழ்ச்சி. நூலக அதிகாரி இரண்டு வாரமாக என் உயிரை வாங்குகிறார். மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், அவர்களுக்குப் பிடித்தால்தான் வகுப்பு அடுத்த வருடமும் நடக்குமாம். எட்டுப் பேரின் வேலையையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஏழு பேருடையது சாதாரணம். தாலாட்டு மாதிரி ஒன்று, அணிவகுப்பு மாதிரி ஒன்று. கேட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. லாண்டரி அம்மாவுடையதுதான் தொண்டையில் சிக்கிய முள்.

அதைச் சொல்ல வேண்டும் உனக்கு. அவளுடைய வீட்டுக்காரர் கிரேன் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரு வார்த்தை வராது. ஆனால் தினமும் காலையில் அவள் வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிடும்போது மட்டும் மூக்கால் ஒரு மெட்டை முனகுவாராம். எப்போதும் அதே மெட்டு, அரை நிமிடம் வரும். போனில் பதிவு செய்யப் பார்த்திருக்கிறாள். படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்றடைத்த மெத்தை போட்டிருக்கிறார்களே, அதன் மோட்டார் இரைச்சல்தான் பதிவாகிறதாம், அவருடைய சத்தம் அதில் அமுங்கிப்போகிறது. அதனால்தான் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.

சுரம் தெரியாதவள் எப்படிப் போட்டாள் என்று கேள். வகுப்பு இல்லாத நாளிலும் வேலை முடிந்து நூலகத்துக்கு வந்து ஒரு கட்டத்தை வைப்பாள். மறுநாள் காலையில் போனில் அந்த இணையதளத்தைத் திறந்து அவருடைய காதருகே வைத்து ஓடவிடுவாள். சரியாக இருந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். தப்பென்றால் இடது கையால் கட்டில் கம்பியை அடிப்பார். அடித்தால் கட்டத்தை ஒரு கோடு ஏற்றிப் பார்ப்பாள், அதற்கும் அடித்தால் இறக்கிப் பார்ப்பாள். இரண்டிலும் அடி விழுந்தால்? லிஃப்ட்காரர் கட்டங்களைக் கோட்டோடு ஒட்டாமல் நகர்த்துகிற வசதியைத் தேடிக் காட்டிக்கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு கோட்டுக்கும் நடுவில், கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று வைக்க ஆரம்பித்தாள். பத்து வாரத்தில் நாற்பத்தொரு கட்டம். இதையெல்லாம் அவள் எனக்கு விவரமாகச் சொன்னாள். நான் வேறொருவர் வேலையைத் திருத்திக்கொண்டே ம் ம் என்று கேட்டேன்.

அதை அப்படியே அரங்கில் போட்டால் என் மானம் போகும். கேட்கும்போது பல் கூசுகிறது. இந்தத் திங்கள்கிழமை அவளுக்கு ஷிப்ட் மாறிவிட்டதால் வரவில்லை. நான் அவளுடைய கோப்பைத் திறந்து நாலைந்து தடவை ஓடவிட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. அந்த மனிதர் பாட நினைத்தது நல்ல மெட்டுதானடா. ஏற வேண்டிய இடத்தில் ஏற முடியாமல் சறுக்குகிறார், மூச்சுப் போதாமல் இரண்டு இடத்தில் நின்றுவிட்டுத் தாமதமாக வருகிறார், அவ்வளவுதான். வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டவர் எப்படிச் சுத்தமாகப் பாடுவார்? அவர் மனதில் நினைத்ததை நான் போட்டுக்கொடுத்துவிட்டேன். முதலில் உன் 'சரிசெய்' பொத்தானை அமுக்கினேன். மிச்சத்தைக் கையால் நகர்த்தினேன். மொத்தம் பதினேழு கட்டம் இடம் மாறியது. சேமித்தேன். இப்போது கேட்டுப் பார், நீ கூட இது சங்கீதம் என்பாய்.

லிஃப்ட்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம் டீச்சர்" என்று இழுத்தார். லிஃப்டைப் பழுது பார்க்கும்போது உள்ளே நிற்கிறவங்களைக் கேட்டுத்தான் செய்வீங்களா என்றேன். தன் கணினிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வருகிறாளாம். சலவைக்கூடத்திலிருந்து இரண்டு பேரைத் தூக்கிவிடச் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள். நல்லபடி முடிய வேண்டும் என்று நினைத்துக்கொள். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதா?

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா


திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நிகழ்ச்சி நன்றாக நடந்தது. வகுப்பை இன்னொரு வருடம் நீட்டிவிட்டார்கள். உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும், வேலை மும்முரத்தில் விட்டுப்போய்விட்டது.

ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் இணையதளத்தில் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்த பிறகு, திருத்துவதற்கு முன்னால் இருந்ததை எடுக்க முடியுமா? திருத்தி இன்றோடு இருபத்தொரு நாள் ஆகிறது. ஒரு மாணவிக்குத் தேவைப்படுகிறது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் உடனே பதில் போடு.

அக்கா


சனிக்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ உடனே பதில் போட்டதற்கு நன்றி. பழைய கோப்பு முப்பது நாள் உங்களிடம் இருக்கும், கோப்புக்குச் சொந்தக்காரருக்கு மட்டும்தான் மீட்கிற இணைப்பை அனுப்ப முடியும், அவரே அமுக்கினால்தான் பழையது திரும்பும் என்று எழுதியிருந்தாய். மறுநாளே அவளுக்கு அனுப்பியும் வைத்தாய். உன்மேல் ஒரு குறையும் இல்லை. போன தடவை நான்தான் உன்னிடம் பெரிய விஷயம் இல்லை என்று பொய் சொன்னேன். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

நிகழ்ச்சியன்று அவளுடைய வீட்டுக்காரரை முன் வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார்கள். முகம் மழித்து, சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டு அழைத்து வந்திருந்தாள். அவளுடைய முறை வந்தது. விளக்கை அணைத்துத் திரையில் கட்டங்களை ஓடவிட்டேன். முதல் ஐந்தாறு சுரம் போனதும் அவர் தலையைத் தூக்கினார். அப்புறம் இடது கையால் நாற்காலிக் கையை அடிக்க ஆரம்பித்தார். பலமாக அடித்தார். கூட்டத்தில் யாரோ அவர் தாளம் போடுகிறார் என்று நினைத்துக் கூடவே கைதட்டினார்கள். உடனே அரங்கமே அவரோடு சேர்ந்து தட்டியது. மேலிடத்து ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் தட்டினேன் தம்பி. அந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள், நிகழ்ச்சிக்கு முந்தின கடிதத்தில் நான்தான் உனக்கு எழுதியும் இருந்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் அடிக்க அடிக்க ஜனங்கள் தட்டினார்கள். கடைசியில் கையை மடியில் போட்டுவிட்டார்.

திங்கள்கிழமை வகுப்புக்கு அவள் சீக்கிரமே வந்தாள். நான் திருத்தியதை லிஃப்ட்காரர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வருமோ என்று பயந்துகொண்டே பேசினாள். "நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டுத் திருத்திக் குடுத்திருக்கீங்க, அதைப் போய்த் தப்புன்னு அடிச்சாரே டீச்சர், எனக்கு மானமே போச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாக் கேட்டுட்டேன்" என்றாள். என்ன கேட்டீங்க என்றேன். படித்தவர்கள் சொல்வது தப்பு, நீங்கள் முனகுவது சரியா என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அவர் முனகுவதில்லை. துடைக்கும்போதும் இல்லை, எப்போதும் இல்லை. "புரிஞ்சுக்கிட்டாரு போல டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். அவளோ எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக நான் வாங்கிப் பழகின நன்றி அது. பரவாயில்லை என்று சொல்லி மாணவர்களை உட்காரச் சொன்னேன்.

அடுத்த வாரம் இன்னொன்று சொன்னாள். சரியானதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாளாம், காலை ஒரு தடவை, வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. நீங்களே ஒருமுறை வந்து பாருங்கள் என்று வற்புறுத்தினாள். அந்தச் சனிக்கிழமை போனேன்.

இரண்டாவது மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் மருந்து வைக்கிற ஸ்டூல், அதன்மேல் ஒரு தம்ளரில் சாய்த்து வைத்த போன். மெத்தையின் மோட்டார் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கிறது. எனக்காக நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். துணியைப் பிழிந்து அவருடைய கழுத்தைத் துடைத்தாள், ஓடவிட்டாள். நான் போட்ட மெட்டு. சுத்தமாக, அடிப்பிசகாமல் இருந்தது. அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் முகவாயைப் பிடித்து மெதுவாக இந்தப் பக்கம் திருப்பினாள். "கவனிங்க. டீச்சர் வந்திருக்காங்க, பாருங்க" என்று மறுபடியும் ஓடவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். பேச்சு இல்லாத மனிதர் அப்படிப் பார்த்தால் நீயும் நானும் தாங்கமாட்டோம். பிறகு கண்ணை மூடினார். "பாத்தீங்களா, கண்ணை மூடிட்டாரு, சரின்னு அர்த்தம்" என்றாள்.

பொய் சொல்லாமல் சொல்கிறேன், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, எனக்கு ஞாபகத்தில் இருப்பதை வைத்துப் பழையதைத் திரும்பப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை தம்பி. ஒரு சுரத்தைக் கேட்டால் ஒன்பது வருடம் கழித்தும் சொல்லுவேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்த காது இது. அந்த மெட்டை ஐந்து தடவையாவது கேட்டிருப்பேன். ஆனால் கேட்கும்போதே என் காது அதைத் திருத்தித் திருத்தித்தான் உள்ளே வைத்திருக்கிறது. அவர் எப்படிச் சறுக்கினார் என்று எனக்குத் தெரியாது. சறுக்கினார் என்று மட்டும்தான் தெரியும். லிஃப்ட்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நாலாவது இடத்துல, லிஃப்ட் தளத்துக்கு ரெண்டு இன்ச் கீழ நின்னுடுமே, அப்படி இருக்கும் டீச்சர். மத்தது எனக்குத் தெரியாது" என்றார். அவருக்கு ஒன்றாவது தெரிகிறது, எனக்கு அதுவும் இல்லை.

அதன் பிறகுதான் உனக்கு அந்தக் குட்டிக் கடிதத்தை எழுதினேன்.

நீ இணைப்பு அனுப்பிய மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்கே போனேன். சலவைக்கூடம் பின்பக்கம், அழுக்குத் துணி வண்டிகள் வருகிற வழி. உள்ளே நின்றால் முகமெல்லாம் வேர்க்கிறது, பேசுவது கேட்கவில்லை. அவள் விரிப்பை உருளைக்குள் விட்டுக்கொண்டே என்ன டீச்சர் என்று கத்தினாள். நானும் கத்தித்தான் சொன்னேன். நான் செய்தது தப்பு, நீங்க போட்டதுதான் சரி, அவர் அடிச்சதும் சரிதான் என்றேன். முன்னே பின்னே யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் மிஷினை நிறுத்தினாள்.

என்ன செய்தாள் தெரியுமா? என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு. அவரு முனகுறது நின்னு போச்சேன்னு என் மனசைத் தேத்துறதுக்காக இப்படிச் சொல்றீங்க" என்றாள். இல்லை, நிஜமாகவே நான்தான் தப்பு என்றேன். "நான் எது மேலே எது கீழேன்னு தெரியாதவ. கை கால் விளங்காத மனுசன் அவரு. நீங்க முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தவங்க. யாரு சொல்றது சரியா இருக்கும்?" என்று கேட்டாள். கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். அவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறாளாம், இப்போதுதான் பாட்டு மாதிரி இருக்கிறது என்றார்களாம். நீ அனுப்பிய செய்தியைப் போனில் திறக்கவைத்தேன். 'பழையதை மீட்கவும்', 'பிறகு' என்று இரண்டு பொத்தான். இதை அமுக்குங்கள் என்று கெஞ்சினேன். "கஷ்டப்பட்டு எடுத்த தப்பை எதுக்கு டீச்சர் திரும்பக் கொண்டுவரணும்? கத்துக்குவாரு. கொஞ்சம் நாளாகும்" என்றாள். 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டாள். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

நேற்று மறுபடியும் போனேன். என்னைக் கண்டதும் சிரித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமையோடு முப்பது நாள் முடிகிறது. அதற்குப் பிறகு அந்த மெட்டு எங்கேயும் இருக்காது. அவரிடம் இருக்கும், ஆனால் அவர் அதை வெளியே விடப்போவதில்லை. அவர் இன்னும் பத்து வருடம் இருந்தாலும் தினமும் மூன்று வேளை என் மெட்டைக் கேட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவள் ஆசையோடுதான் செய்வாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதைக் கேட்பதற்கு எனக்கு அருகதை இல்லை என்று தெரியும்.

உனக்குப் பதினொரு வயது. பள்ளி ஆண்டு விழாவுக்குக் குழுப்பாட்டு. நான் அப்போதுதான் அங்கே உதவி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். ஒத்திகையில் உன் குரல் மட்டும் விலகி விலகிக் கேட்டது. உன்னைத் தனியே கூப்பிட்டு, சத்தம் வராமல் வாயை மட்டும் அசை, யாருக்கும் தெரியாது என்றேன். நீயும் அசைத்தாய். அம்மாவும் அப்பாவும் தட்டினார்கள், நான் உனக்குப் பேனா வாங்கிக்கொடுத்தேன். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போன மாதம் உன் மனைவி போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். குழந்தை அழுதால் நீ தோளில் போட்டுக்கொண்டு நடப்பாயாம், ஆனால் வாயைத் திறக்கமாட்டாயாம், போனில் ஏதாவது பாட்டை வைத்துவிடுவாயாம். நான் சிரித்தேன். அவன் அப்போதிருந்தே அப்படித்தான் என்றேன்.

நான் சொன்னால் அவள் பெருந்தன்மை என்கிறாள். நான் டீச்சர், என் தப்புகூட அவளுக்குச் சரியாகத்தான் தெரியும். நீ டீச்சர் இல்லை. நீ எழுதினால் அவள் படிப்பாள். இணைப்பு அனுப்பிய அதே முகவரிக்கு எழுது. எளிமையாக எழுது, அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அக்கா உன்னிடம் என்ன சொன்னாள் என்று எழுது. என்னைக் காப்பாற்றி ஒரு வரிகூட எழுதாதே. மேடையில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தபோது, கீழே எல்லோரும் தட்டினார்களே, அப்போது உனக்கு எப்படி இருந்தது என்று அவளுக்குச் சொல். அதை நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் என்னிடம் சொல்ல வேண்டாம், கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவளிடம் சொல்.

குழந்தையும் நீயும் உன் மனைவியும் நன்றாக இருக்க வேண்டும். எனக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடாதே. முதலில் அவளுக்கு எழுது.

அக்கா